ஃபாஸ்டர் பிள்ளை வீட்டை உடைத்தால் செலவு யார் தலையில்?

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் ஒரு தனியார் ஏஜென்சி வழியாக ஃபாஸ்டரிங் செய்கிறீர்கள், அதாவது அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்து வளர்க்கும் ஃபாஸ்டர் கேரர் நீங்கள். 13 வயதுப் பையன் ஒருவன் வந்த சில மாதங்களில் இரண்டு கதவுகள், டிவி, மாடிப்படிச் சுவர் எல்லாவற்றையும் உடைத்துவிட்டான். ஒருநாள் குளியலறைக் குழாயை அவன் வேண்டுமென்றே திறந்துவிட்டதில், கீழ் அறையின் கூரை ஊறி விழுந்துவிட்டது. வீட்டு இன்சூரன்ஸ்காரர்கள் தரமுடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஏஜென்சியைக் கேட்டால் வாராவாரம் தருகிற அலவன்ஸிலேயே இதெல்லாம் அடக்கம் என்கிறார்கள், பிள்ளைக்குப் பொறுப்பான கவுன்சிலை, அதாவது உள்ளாட்சி நிர்வாகத்தை, கேட்டால் ஏஜென்சியைக் கேளுங்கள் என்கிறார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான கிரிமினல் இஞ்சுரிஸ் நஷ்டஈட்டுத் திட்டம் உதவுமா, அவன் பாக்கெட் மணியில் பிடிக்கலாமா, கவுன்சில் மீது வழக்குப் போடலாமா?

வழக்குப் போடலாம். ஆனால் அதை இப்போது தொட வேண்டாம். நான் பல வருடம் ஃபாஸ்டர் கேரர்களைக் கவனிக்கும் பக்கத்தில் வேலை பார்த்தவன். இந்த மாதிரி விஷயத்தில் பணம் வாங்கியவர்களில் கோர்ட் வாசலை மிதித்தவர்கள் மிகக் குறைவு. பிள்ளை வருவதற்கு முன் என்ன எழுதப்பட்டது, உடைந்த மறுநாள் நீங்கள் என்ன எழுதினீர்கள், இந்த இரண்டும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்குத்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் விதிகள் தனி.

முதலில் அந்த அலவன்ஸ் பேச்சு. பாதி உண்மை, பாதி சமாளிப்பு. அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச அலவன்ஸ் 2025-26இல் வயதையும் ஊரையும் பொறுத்து வாரத்துக்கு 170 முதல் 299 பவுண்ட் வரை. கார்பெட்டில் கறை, உடைந்த தட்டு, சோபா உறை கிழிந்தது, சுவரில் பென்சில் கிறுக்கல், இதெல்லாம் அதில் அடக்கம் என்று சொன்னால் அதை மறுத்துப் பேசி ஜெயிக்க முடியாது, பேசவும் வேண்டாம். ஆனால் கூரை விழுந்தது தேய்மானம் ஆகாது. ஃபாஸ்டரிங்குக்காக 2011இல் வந்த தேசியக் குறைந்தபட்சத் தரநிலைகளில் 28ஆவது தரம் கேரருக்கான பணம் பற்றியது. குறைந்தபட்ச அலவன்ஸும் அதற்கு மேல் ஒப்புக்கொண்ட தேவையான செலவுகளும் சேர்ந்து பிள்ளையைப் பராமரிக்கும் முழுச் செலவையும் ஈடுகட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தச் செலவுகளுக்கு உதாரணம் சொல்லும்போது விடுமுறை, பிறந்தநாள், பள்ளிச் சுற்றுலாவோடு இன்சூரன்ஸையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். பணம் கொடுப்பது பற்றி எழுத்தில் தெளிவான கொள்கை இருக்க வேண்டும் என்பதும் அதே தரத்தில்தான் வருகிறது. ஆகவே ஏஜென்சிக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய முதல் மின்னஞ்சல் மூன்று வரிதான்: உங்கள் எழுத்துப்பூர்வக் கொள்கையில் வேண்டுமென்றே செய்த சேதம் அலவன்ஸில் அடங்கும் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை அனுப்புங்கள், கேரர்களுக்காக நீங்கள் எடுத்து வைத்திருக்கும் இன்சூரன்ஸின் முழு வாசகத்தையும் அனுப்புங்கள். போனில் கேட்காதீர்கள். போனில் நல்லபடியாகத்தான் பேசுவார்கள், பேசியதற்குச் சாட்சி இருக்காது.

கவுன்சிலா ஏஜென்சியா என்ற குழப்பத்துக்கும் இதோடு ஒரு விடை இருக்கிறது. உங்களைக் கேரராக அங்கீகரித்தது யாரோ, ஃபாஸ்டர் கேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யாரோ, அவர்களிடம்தான் முதல் கோரிக்கை. உங்கள் விஷயத்தில் அது ஏஜென்சி. கவுன்சிலிடமிருந்து அவர்கள் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் இருவருக்குள்ளான கணக்கு. அதற்கு உங்களை நடுவில் தூதுவிட வேண்டிய அவசியம் இல்லை. ஃபாஸ்டரிங் சேவைகளுக்கான 2011 ஒழுங்குவிதிகளின் 5ஆம் அட்டவணையில் அந்த ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்று, பிள்ளையை வைத்திருப்பதால் கேரருக்கு வரும் சட்டப்பொறுப்புகளை எப்படிச் சமாளிப்பது என்ற ஏற்பாடு. இதைக் காட்டி, என் வீட்டுச் சேதத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசகத்தை நேராகப் படித்தால் அது நீங்கள் பிறருக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பைப் பற்றியது, அதாவது பையன் பக்கத்து வீட்டுக் காரின் கண்ணாடியை உடைத்தால் உங்களைக் கேட்டு வருவார்களே, அது. உங்கள் சொந்த நஷ்டம் வழக்கமாக கேரர் கையேட்டிலோ ஏஜென்சியின் இன்சூரன்ஸ் ஏற்பாட்டிலோதான் இருக்கும். கையேட்டைத் தேடி எடுத்துப் படியுங்கள். இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், முதலில் சொந்த இன்சூரன்ஸில் கேட்டு மறுப்புக் கடிதம் வாங்கி வரவேண்டும், எக்ஸஸ் தொகையை (க்ளெய்மில் உங்கள் கையிலிருந்து போகும் பங்கை) நாங்கள் தருவோம், பழைய சாமானுக்குத் தேய்மானம் கழிப்போம், இப்படி ஏதாவது நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். உங்களிடம் மறுப்புக் கடிதம் ஏற்கனவே இருக்கிறது. அது தோல்விக் கடிதம் இல்லை, அடுத்த கதவுக்கு அதுதான் அனுமதிச் சீட்டு.

இன்சூரன்ஸைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேரர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். வீட்டுப் பாலிசியில் "உங்கள் குடும்பம்" என்பதற்கு ஒரு வரையறை இருக்கும். பல பாலிசிகளில் அதில் ஃபாஸ்டர் பிள்ளையும் சேர்த்தி. படிக்கும்போது பரவாயில்லையே, நம் பிள்ளை மாதிரி சேர்த்திருக்கிறார்களே என்று சந்தோஷமாக இருக்கும். அவனுடைய சைக்கிள் திருட்டுப் போனால் உண்மையிலேயே அது நல்லது. ஆனால் சில பக்கம் தள்ளிப் போனால் இன்னொரு வரி இருக்கும்: நீங்களோ உங்கள் குடும்பமோ வீட்டில் சட்டப்படி தங்கியிருப்பவரோ வேண்டுமென்றே செய்த சேதத்துக்குப் பணம் கிடையாது. குடும்பத்தில் ஒருவனாகச் சேர்த்த அதே வரையறைதான் இங்கே கதவை அடைக்கிறது. குடும்பத்தில் சேர்க்காத பாலிசியாக இருந்தாலும் அழைத்து வந்து தங்கவைத்தவன் என்ற இடத்தில் மாட்டிக்கொள்வான். அடுத்தவர் சேதத்துக்குத் தரும் பொறுப்புப் பகுதியைப் பிடித்துப் பையன் எனக்குச் செய்த சேதம் என்று கேட்கலாமா என்றால், அதிலும் உங்களுடைய, உங்கள் குடும்பத்தாருடைய சொத்து வழக்கமாக விலக்கு.

அதற்காக மறுப்புக் கடிதத்தை அப்படியே விழுங்கவும் வேண்டாம். எது வேண்டுமென்றே செய்தது, எது விபத்து என்று பொருள் பொருளாகப் பிரியுங்கள். நீங்கள் சொன்ன பட்டியலில் கதவுகளும் சுவரும் ஆத்திரத்தில் செய்தவை, அதில் வாதாட ஒன்றும் இல்லை. டிவி எப்படி விழுந்தது? அவன் எறிந்த பந்து பட்டதா, அதையே தூக்கிப் போட்டானா? குழாயைத் திறந்துவிட்டவனுக்குக் கூரை விழும் என்று தெரியுமா? வேண்டுமென்றே குழாயைத் திறப்பதும் வேண்டுமென்றே கூரையைத் தள்ளுவதும் ஒன்றல்ல. இதை இன்சூரன்ஸ்காரர் ஒப்புக்கொள்வார் என்று நான் உறுதி தரமாட்டேன், கேட்கத் தகுந்த கேள்வி என்று மட்டும் சொல்வேன். அவர்களிடமே புகார் கொடுத்து, 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ வந்த பதில் பிடிக்காவிட்டாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். இறுதிப் பதில் தேதியிலிருந்து 6 மாதம் அவகாசம், கட்டணம் கிடையாது.

நீங்கள் ஃபாஸ்டரிங் செய்வதைச் சொல்லவில்லையே என்று இன்சூரன்ஸ்காரர்கள் பிடித்தால் அது வேறு சண்டை. நுகர்வோர் இன்சூரன்ஸ் பற்றிய 2012ஆம் வருடச் சட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, கேட்காததைத் தானாக முன்வந்து சொல்லும் கடமை சாதாரண வாடிக்கையாளருக்கு இல்லை. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மை சொன்னால் போதும். கவனக்குறைவால் தவறாகச் சொல்லியிருந்தாலும், சரியாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு பிரீமியம் வாங்கியிருப்பார்களோ அந்த விகிதத்தில் க்ளெய்மைக் குறைக்கலாமே தவிர ஒரேயடியாக மறுத்துவிட முடியாது, அந்தத் தகவல் தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்கமாட்டோம், அல்லது இந்தச் சேதத்தை விலக்கும் நிபந்தனையோடுதான் கொடுத்திருப்போம் என்று அவர்கள் காட்டினால் ஒழிய. ஆனால் வருடத்தின் நடுவில் வீட்டு நிலைமை மாறினால் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியிலேயே இருந்தால் அது உங்களைக் கட்டும். ஆகவே சொல்லிவிடுங்கள், எழுத்தில் சொல்லுங்கள், பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் போலீஸ். இதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் இடம். வேண்டுமென்றே செய்த சேதம் என்றால் குற்றப் பதிவு எண் கொண்டு வாருங்கள் என்று சில இன்சூரன்ஸ் ஏற்பாடுகள் கேட்கும், ஏஜென்சி எடுத்துவைத்திருக்கும் பாலிசி உட்பட. மறுபக்கம் 2018 நவம்பரில் கல்வித் துறை, உள்துறை, நீதித் துறை மூன்றும் சேர்ந்து ஒரு தேசிய நெறிமுறை கொண்டு வந்தன: அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளைத் தேவையில்லாமல் குற்றவாளி ஆக்காதீர்கள் என்று. சொந்தப் பிள்ளை கதவை உதைத்தால் எந்தப் பெற்றோர் 999ஐ அழைப்பார்கள் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு வயது 10. உங்கள் பையனுக்கு 13. ஒரு டிவிக்காக நீங்கள் வாங்கும் அந்த எண் அவன் பேரோடு பல வருடம் நிற்கலாம். போலீஸை அழைக்கும் முன் ஏஜென்சியில் உங்களைக் கவனிக்கும் சூப்பர்வைசிங் சோஷியல் வொர்க்கரிடம் எழுத்தில் கேளுங்கள்: க்ளெய்முக்குக் குற்ற எண் தேவை என்கிறார்கள், நெறிமுறை இப்படிச் சொல்கிறது, நான் என்ன செய்யட்டும்? ஏஜென்சி வேண்டாம் என்று சொன்னால், அந்த முடிவால் வரும் நஷ்டத்தை அவர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு ஒரு நல்ல காகிதம் கிடைத்தது. யாருக்காவது உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் இதெல்லாம் யோசிக்காமல் அழைக்க வேண்டியதுதான், அது தனி.

சரி, வழக்கு. கவுன்சில்தானே அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர், அப்போது அவர்கள்தானே கொடுக்க வேண்டும் என்ற வாதம் கேட்க நியாயமாக இருக்கிறது, சட்டத்தில் நிற்காது. ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றவர்களே தானாகப் பொறுப்பாவதில்லை, அப்புறம் கவுன்சில் மட்டும் எப்படி? போதாததற்கு 1989 சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி பெற்றோர் சம்மதத்தோடு வந்த பிள்ளையாக இருந்தால் கவுன்சிலுக்குப் பெற்றோர் பொறுப்பே கிடையாது. கேர் ஆர்டர் மாதிரி கோர்ட்டின் உத்தரவு இருந்தால்தான் அது வரும். இன்னொன்று, 2017இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன ஆர்ம்ஸ் எதிர் நாட்டிங்ஹாம்ஷயர் வழக்கை இதற்கு எடுத்துக்காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதில் கேரர்கள் பிள்ளைக்குச் செய்த கொடுமைக்குக் கவுன்சில் பொறுப்பு என்றார்கள். பிள்ளை கேரருக்குச் செய்ததற்கு அது உதவாது. ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்ற வழியும் கடினம்: எஸ்ஸெக்ஸ் கவுன்சில் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1998இல் அப்பீல் கோர்ட் ஃபாஸ்டர் கேர் ஒப்பந்தம் சாதாரண அர்த்தத்தில் ஒப்பந்தமே அல்ல என்று சொல்லிவிட்டது.

மிச்சம் இருப்பது கவனக்குறைவு, அதிலும் குறிப்பாகத் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டது. இதற்கு நல்ல முன்னுதாரணம் 1979ஆம் வருட ரிட்டில் ஊர்ச் சர்ச் வழக்கு. தீ வைக்கும் பழக்கம் உள்ள ஒரு பையனை எஸ்ஸெக்ஸ் கவுன்சில் ஒரு விடுதியில் வைத்தது. பழக்கம் சோஷியல் வொர்க்கருக்குத் தெரியும், விடுதிக்காரர்களுக்குச் சொல்லவில்லை. பையன் வெளியே போய் சர்ச்சுக்குத் தீ வைத்தான், கவுன்சில் பொறுப்பு என்று தீர்ப்பானது. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2003இல் அப்பீல் கோர்ட் முடித்துவைத்த மற்றொரு எஸ்ஸெக்ஸ் வழக்கு. அது தத்தெடுத்த தம்பதி தொடுத்தது. வந்த பையன் அடிப்பதும் உடைப்பதுமாக இருந்தான், அவனைப் பற்றிய முக்கியமான தகவல் தம்பதிக்குப் போய்ச் சேரவில்லை. கோர்ட் கவனமாகப் பேசியது: எந்தத் தகவலைச் சொல்வது என்ற தொழில்முறை முடிவுக்காகக் கவுன்சிலைப் பிடிப்பது கடினம், ஆனால் சொல்ல வேண்டும் என்று அவர்களே முடிவெடுத்த தகவலைக் கொண்டு சேர்க்காமல் விட்டால் பொறுப்பு உண்டு. அதுவும் தத்தெடுப்பு ஆணை வரும்வரையான நஷ்டத்துக்கு மட்டும். ஃபாஸ்டரிங்கில் இதைவிட உறுதியான பிடி உங்களுக்கு இருக்கிறது என்பது என் கருத்து, ஏனென்றால் பிள்ளையைச் சரியாகப் பராமரிக்கத் தேவையான தகவலைக் கேரருக்குத் தந்து அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்று 2011 ஒழுங்குவிதிகளின் 17ஆம் விதியே சொல்கிறது. அவனை உங்கள் வீட்டில் எப்படிப் பராமரிப்பது என்று எழுதும் பிளேஸ்மென்ட் பிளான், பிள்ளை வருவதற்கு முன், முடியாவிட்டால் வந்த 5 வேலைநாளுக்குள் தயாராக வேண்டும்.

இப்போது உங்கள் கோப்பை எடுங்கள். பிள்ளையை ஏற்பீர்களா என்று கேட்டு ஏஜென்சி அனுப்பிய ரெஃபரல் படிவத்தில் முந்தைய வீட்டை அவன் உடைத்தது எழுதியிருந்ததா? "சில சமயம் கோபப்படுவான்" என்று மட்டும் எழுதியிருந்ததா? முந்தைய கேரர் வீடு ஏன் முடிவுக்கு வந்தது என்று நீங்கள் கேட்டதற்கு என்ன பதில்? அவர்களுக்குத் தெரிந்திருந்தது, உங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நீங்கள் மறுத்திருப்பீர்கள் அல்லது வேறு ஏற்பாடு செய்திருப்பீர்கள், சொல்லாமல் விட்ட அதே வகைச் சேதம்தான் நடந்தது. இந்த நான்கும் கையில் இருந்தால் வக்கீலிடம் போகலாம். எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள், நீங்களும் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டீர்கள் என்றால் வழக்கு மெலிந்துவிடும். சொத்துச் சேதத்துக்கு 6 வருட அவகாசம் இருக்கிறது, அவசரம் இல்லை. 10,000 பவுண்ட் வரை ஸ்மால் க்ளெய்ம்ஸ் என்ற சிறு வழக்கு வழி, அதில் ஜெயித்தாலும் வக்கீல் செலவு வழக்கமாகத் திரும்பாது. கிரிமினல் இஞ்சுரிஸ் நஷ்டஈட்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது காயத்துக்கு மட்டும், கதவுக்கு இல்லை.

வழக்குக்கு முன்னால் புகார். முதலில் ஏஜென்சியின் புகார் நடைமுறை. கேரர்களின் புகாருக்கு அப்படி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தகவல் மறைத்த விஷயம் கவுன்சில் பக்கம் போனால் 1989 சிறுவர் சட்டத்தின் 26ஆம் பிரிவு புகார் கொடுக்கக்கூடியவர்களின் பட்டியலில் ஃபாஸ்டர் கேரரையும் வைத்திருக்கிறது. மூன்று கட்டம்: முதல் கட்டம் 10 வேலைநாள், நீட்டினால் 20, இரண்டாவதில் விசாரணை 25, நீட்டினால் 65, மூன்றாவது மறுஆய்வுக் குழு 30. பணத்தை மட்டும் பேசினால் இது பொதுப் புகார் என்று வேறு மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். பிள்ளையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, கேட்ட உதவியைத் தரவில்லை, அதன் விளைவுதான் சேதம் என்று எழுதுங்கள். அதிலும் தீராவிட்டால் கவுன்சில் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்புட்ஸ்மன், விஷயம் தெரிந்து 12 மாதத்துக்குள். ஆஃப்ஸ்டெடுக்கு எழுதினால் ஏஜென்சியை அடுத்தமுறை ஆய்வு செய்யும்போது பார்ப்பார்கள், உங்கள் பணத்தை வாங்கித் தரமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். க்ளெய்ம் கடிதத்தில் நீங்கள் எழுதுவது அவனுடைய கோப்பிலும் போய்ச் சேரும். வளர்ந்த பிறகு அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை அவனுக்கு உண்டு, நிறையப் பேர் படிக்கிறார்கள். "காட்டுமிராண்டி மாதிரி உடைத்தான்" என்று எழுதுவதால் உங்களுக்கு ஒரு பவுண்ட் கூடுதலாக வராது. அம்மாவைப் பார்க்கும் சந்திப்பு ரத்தான அன்று மாலை 6 மணிக்குக் கதவை உதைத்தான், கீல் பெயர்ந்தது என்று எழுதினால் க்ளெய்மும் பலமாகிறது, அவனுக்கும் நியாயம் நடக்கிறது, ரத்தானதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் சோஷியல் வொர்க்கரும் பதில் சொல்ல வேண்டி வருகிறது. சேதமான மறுநாளே தேதியோடு படம், ரசீது இருந்தால் ரசீது, இரண்டு பேரிடம் பழுதுபார்க்கும் விலை. உடைந்த கண்ணாடியைப் படம் எடுத்துவிட்டு உடனே அகற்றுங்கள், க்ளெய்ம் பார்க்க வருவார்கள் என்று அப்படியே போட்டுவைக்காதீர்கள்.

அவன் பாக்கெட் மணியில் பிடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கான 2015 விதிகள் நியாயமான ஒரு தொகையைத் தவணையில் ஈடாக வாங்க அனுமதிக்கின்றன. உங்களுக்கு ஏஜென்சியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். கூரைக்கு ஈடாக அவனிடம் வாங்குவதில் அர்த்தம் இல்லை. அவன் கையாலேயே சுவருக்குப் பெயின்ட் அடிக்க வைத்தால் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது, அதுவும் அவன் ஒப்புக்கொண்டால். உடைக்கும்போது பிடித்து நிறுத்துவது பற்றி ஏஜென்சி தரும் பயிற்சி இல்லாமல் கை வைக்காதீர்கள். யாருக்காவது காயம் ஆவதையோ கடுமையான சொத்துச் சேதத்தையோ தடுக்க அவசியமானால் மட்டுமே பிடிக்கலாம் என்பது விதி. டிவியைக் காப்பாற்றப் போய்க் குற்றச்சாட்டு வந்தால் டிவியின் விலையைவிடப் பல மடங்கு இழப்பீர்கள்.

வாடகை வீடாக இருந்தால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கூரையும் கதவும் வீட்டுக்காரருடையவை, அவருடைய பில்டிங் இன்சூரன்ஸில் அவர் கேட்க வேண்டும். நீங்கள் ஃபாஸ்டரிங் செய்வது அவருக்குத் தெரியாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உங்கள் முன்பணத்துக்கு, வாடகைக்காரர் கட்டணங்கள் பற்றிய 2019 சட்டப்படி பெரும்பாலும் 5 வார வாடகைதான் உச்சவரம்பு. சேதம் அதைத் தாண்டினால் மீதிக்கு உங்களைத்தான் கேட்பார். வாடகைக்காரராக நீங்கள் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அது, ஆகவே மேலே சொன்ன 5ஆம் அட்டவணை ஏற்பாட்டை இங்கே தாராளமாகக் காட்டிக் கேட்கலாம்.